உரிய சார்ஜர் இல்லாத வேப் பென்னுக்கு 510 மரை யூஎஸ்பி சார்ஜர்: ஒரு மதிப்பாய்வு

வேப் பென், அதாவது பேனா வடிவ மின்சிகரெட், அதனோடு வந்த சார்ஜர் தொலைந்துபோனாலோ பழுதானாலோ, அதற்கு மாற்றாகப் பெரும்பாலோர் வாங்குவது கட்டைவிரல் அளவே உள்ள 510 மரை யூஎஸ்பி சார்ஜரைத்தான். ஒரு முனையில் யூஎஸ்பி பிளக், மறுமுனையில் பேட்டரியின் வாய்க்குள் திருகும் மரை வெட்டிய உலோகத் தண்டு, இடையே ஒரு சிறு விளக்கு; வெளிப்பார்வைக்கு அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயர் எதுவும் பொறிக்கப்படாமல் விற்கப்படும் இவ்வகைச் சார்ஜர்களில் இரண்டை, அதாவது நேராகச் செருகும் குட்டை வடிவம் ஒன்றையும் சிறு கேபிளுடன் வரும் வடிவம் ஒன்றையும், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரையும், யூஎஸ்பி வழியே போகும் மின்னோட்டத்தைக் காட்டும் யூஎஸ்பி மீட்டரையும் வைத்துச் சோதித்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். கேபிள் வடிவத்தை ஒரு நிபந்தனையோடு பரிந்துரைக்கிறேன். குட்டை வடிவத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நிபந்தனை இதுதான்: சார்ஜரிலிருந்து வெளிவரும் மின்னழுத்தத்தை அளந்து, அது 4.2 வோல்ட் அளவிலேயே நிற்கிறது என்று உறுதி செய்த பிறகே பேட்டரியை அதில் திருக வேண்டும். மரை பொருந்திவிட்டது என்பதாலேயே சார்ஜர் பொருந்திவிட்டது என்று ஆகிவிடாது.

வாங்குவதற்கு முன்னால் பென்னை ஒருமுறை நன்றாகப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அடிப்பக்கத்தில் ஒரு சிறு ரப்பர் மூடிக்குள்ளோ, பக்கவாட்டிலோ மைக்ரோ யூஎஸ்பி அல்லது டைப் சி துளை இருக்கலாம். அப்படி இருந்தால் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் பென்னுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். தொலைந்தது வெறும் கேபிள், அதற்கு 5 வோல்ட் தரும் எந்த யூஎஸ்பி இணைப்பும் போதும். இரு முனையிலும் டைப் சி உள்ள கேபிளில் பென் உயிர்பெறவில்லை என்றாலும் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். டைப் சி இணைப்பில், எதிரே ஒரு கருவி செருகப்பட்டிருப்பதை அடாப்டர் உணர்ந்துகொள்ள அக்கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) இருக்க வேண்டும். மலிவான பென்கள் பலவற்றில் அவற்றைப் பொருத்தாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் அடாப்டர் மின்சாரமே தராது. பழைய அகலமான யூஎஸ்பி முனையிலிருந்து டைப் சிக்குப் போகும் கேபிளைப் போட்டால் அதே பென் ஒழுங்காக மின்னேறும்.

துளையே இல்லாமல், மேலே திரவம் அடங்கிய டேங்க் திருகும் அதே வாய் வழியாக மட்டுமே மின்னேறும் பேட்டரிகளுக்குத்தான் இந்தச் சார்ஜர் தேவைப்படுகிறது. அந்த வாயின் மரைதான் 510 எனப்படுவது: 7 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 0.5 மில்லிமீட்டர் நகர்வு. வெளிமரையும் உலோக உடலும் எதிர்முனை. நடுவில் தெரியும் சிறு ஊசி நேர்முனை. இரண்டுக்கும் இடையில் மின்காப்பு வளையம் ஒன்று. ஈகோ (eGo) எனப்படும் வகைப் பேட்டரிகளில் இதைச் சுற்றி 12 மில்லிமீட்டர் விட்டத்தில் இன்னொரு வெளிமரையும் இருக்கும். அவற்றுக்கென்றே வரும் சார்ஜர் கிண்ணம்போல் அந்த வெளிமரை மேல் திருகிக்கொள்ளும். உள்ளே திருகும் தண்டு வகையை வாங்குவதா, மேலே மூடும் கிண்ண வகையை வாங்குவதா என்பதைப் பேட்டரியைக் கையில் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி முக்கியமான சோதனைக்கு வருகிறேன். இரண்டு சார்ஜர்களையும் பேட்டரி இல்லாமல் யூஎஸ்பியில் செருகி, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை நடு ஊசியிலும் கறுப்பு முனையை வெளி மரையிலும் வைத்து அளந்தேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகக் குறுகலானது என்பதால், முனைகள் வழுக்கி ஒன்றோடொன்று உரசாதபடி கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு அளப்பது நல்லது. கேபிள் வடிவம் 4.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது; பேட்டரி இல்லாதபோது எண் சற்றே ஏறி இறங்குவது இவ்வகைச் சர்க்யூட்டுகளின் இயல்பு. குட்டை வடிவமோ 5 வோல்ட்டுக்கும் சற்று மேலாகவே காட்டியது, அதாவது யூஎஸ்பியில் உள்ளே போனது அப்படியே வெளியே வந்தது. இரண்டின் தண்டும் ஒன்றே, ஊசியும் ஒன்றே, விளம்பரத்தில் இருந்த வாசகமும் ஏறக்குறைய ஒன்றே. அளந்து பார்க்காத ஒருவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வழியில்லை என்பதுதான் இவ்வகைப் பொருளின் மீது எனக்குள்ள பெரிய குறை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக இரண்டின் பிளாஸ்டிக் கூட்டையும் நெம்பித் திறந்தேன். கேபிள் வடிவத்தின் கூட்டுக்குள் நகத்தின் அகலமே உள்ள பச்சைப் பலகையும், அதன்மேல் ஐந்து கால்கள் கொண்ட 4054 வகைச் சிப் ஒன்றும், பக்கத்தில் அது எவ்வளவு மின்னோட்டம் தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர் ஒன்றும் இருந்தன. விலை குறைந்த சிப்தான், ஆனாலும் லித்தியம் அயான் பேட்டரிக்குத் தேவையான ஒழுங்கு முழுவதும் அதற்குத் தெரியும். பேட்டரி 2.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வழக்கமான மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே தந்து மெல்ல எழுப்பும், அதைத் தாண்டியதும் முழு மின்னோட்டத்தைச் சீராகத் தரும், 4.2 வோல்ட்டை எட்டியதும் அழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைந்துபோக விடும். அது பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறுத்திவிடும். குட்டை வடிவத்துக்குள் இருந்ததோ ஒரு விளக்கு, அதற்கொரு ரெசிஸ்டர், யூஎஸ்பி முனையிலிருந்து மரைக்கு நேராகப் போகும் இரண்டு வயர்கள். எதையும் நிறுத்தும் ஏற்பாடு அதில் கிடையாது.

அதனால் குட்டை வடிவம் மோசடிப் பொருள் என்று சொல்லிவிட முடியாது. மின்னேற்றக் கட்டுப்பாட்டைப் பேட்டரிக்குள்ளேயே வைத்து, மரை வழியாக 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் பென்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இதுவே உரியது. எந்தப் பேட்டரி எதை எதிர்பார்க்கிறது என்பது பழைய சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் வெளியீடு (Output) என்று அச்சிடப்பட்டிருக்கும். ஈகோ வகைச் சார்ஜர்களில் வழக்கமாகக் காண்பது 4.2 வோல்ட், 420 மில்லி ஆம்பியர் என்பது. பழைய சார்ஜர் பழுதாகியிருந்தாலும் அதைத் தூக்கி எறிவதற்கு முன் அந்த எழுத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லை, தயாரிப்பாளரின் குறிப்பும் கிடைக்கவில்லை என்றால் 4.2 வோல்ட் சார்ஜரையே தேர்ந்தெடுக்க வேண்டும். 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் பேட்டரிக்கு 4.2 வோல்ட்டைக் கொடுத்தால் அது மின்னேறாமல் போகலாம், அல்லது அரைகுறையாக ஏறலாம். நட்டம் அவ்வளவோடு நின்றுவிடும். 4.2 வோல்ட்டை எதிர்பார்க்கும் பேட்டரிக்கு 5 வோல்ட்டைக் கொடுத்தால் ஏற்படும் விளைவு அப்படி நிற்பதில்லை.

லித்தியம் அயான் பேட்டரி முழுதாக நிறைந்த நிலையில் 4.2 வோல்ட், அதில் ஏற்கத்தக்க பிசகு 0.05 வோல்ட் அளவுதான். அந்த எல்லைக்கு மேல் தள்ளிக்கொண்டே போனால், உள்ளே இடம்கொள்ளாத லித்தியம் எதிர்முனைத் தகட்டின் மேல் உலோகமாகவே படியத் தொடங்குகிறது. நேர்முனைப் பொருள் நிலைகுலைந்து ஆக்சிஜனை விடுகிறது. இடையிலுள்ள கரைசல் சிதைந்து வாயுவாகிறது. வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்த, வேதிவினை மேலும் வெப்பத்தைக் கூட்ட, ஒரு கட்டத்துக்குப் பிறகு மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டாலும் அது அடங்காது. வேப் பென் ஒரு நீண்ட உலோகக் குழல் என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. குழலின் பக்கங்கள் உறுதியானவை, முனைகள் பலவீனமானவை. ஆகவே உள்ளழுத்தம் மிகும்போது ஒரு முனை பிய்த்துக்கொண்டு போக, மீதி உடல் எதிர்த்திசையில் பாய்கிறது. அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் அதுவரை செய்திகளில் வந்த 25 நிகழ்வுகளைத் தொகுத்து, அவற்றில் 80 விழுக்காடு மின்னேற்றத்தின்போதே நேர்ந்தவை என்று காட்டியது. 2016 முடிய நடந்தவற்றைச் சேர்த்து 2017இல் வந்த அடுத்த அறிக்கையில் மொத்த எண்ணிக்கை 195. அதில் மின்னேற்றத்தின்போது நேர்ந்தவை 48. பங்கு குறைந்திருக்கிறது, ஆனால் எண்ணிக்கை குறையவில்லை.

இந்த இடத்தில், சார்ஜரே வாங்காமல் சமாளிக்கும் வழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டி, சிவப்பு வயரை நடு ஊசியிலும் கறுப்பு வயரை உடலிலும் வைத்துப் பிடிக்கச் சொல்லும் யோசனை பரவலாக உலவுகிறது. சில நிமிடங்களில் பென்னின் விளக்கு ஒளிரத் தொடங்கிவிடுவதால் அது வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன குட்டைச் சார்ஜர் செய்வதைத்தான் இந்த வெட்டிய கேபிளும் செய்கிறது, அதுவும் விரல்களுக்கிடையே, வயர்கள் உரசி ஷார்ட் ஆகும் வாய்ப்போடு. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தடுத்துவிடும் என்று வாதிடுபவர்கள், அந்தச் சர்க்யூட் எதற்காக வைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் பாதுகாப்புச் சிப்புகள் 4.3 வோல்ட்டை ஒட்டித்தான் இணைப்பைத் துண்டிக்கின்றன. சார்ஜர் தவறினால் தாங்கிக்கொள்ள வைத்த கடைசித் தடுப்பு அது. கிணற்றுக் கைப்பிடிச் சுவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. அந்தத் தடுப்புகூட இல்லாத பென்களும் விற்கின்றன. நிறைந்த பேட்டரி ஒன்றை வயரால் இணைத்துத் தீர்ந்த பேட்டரிக்கு உயிர்கொடுப்பது, துளை இல்லாத ஒருமுறைப் பயன்பாட்டு வேப்பை உடைத்து மின்னேற்றுவது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை; இவற்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபிள் வடிவத்துக்குத் திரும்புகிறேன். 650 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்றை அதில் திருகி, யூஎஸ்பி மீட்டரை இடையில் வைத்துக் கவனித்தேன். இவ்வகைச் சிப் எஞ்சிய அழுத்தத்தை வெப்பமாகக் கழித்துவிடுவதால், உள்ளே போகும் மின்னோட்டமும் பேட்டரிக்குப் போகும் மின்னோட்டமும் ஏறக்குறைய சமம். ஆகவே மீட்டர் காட்டும் எண்ணைப் பேட்டரிக்குரியதாகவே எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் 0.4 ஆம்பியரை ஒட்டி நிலையாக நின்ற எண், பின்பாதியில் படிப்படியாக இறங்கி, இறுதியில் ஏறக்குறைய பூச்சியத்துக்கு வந்து, சிவப்பு விளக்கு பச்சையானது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் முடிந்த இந்த இறங்குமுகம்தான் ஒழுங்கான சார்ஜரின் அடையாளம். மின்னோட்டம் குறையவே குறையாமல் கடைசிவரை நின்றால் உடனே கழற்றிவிட வேண்டும். பேட்டரியையே மல்டிமீட்டரால் அளந்து சரிபார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் பென்னின் பொத்தானை அழுத்தாதபோது வாயில் மின்சாரம் வராதபடி உள்ளே தடுக்கப்பட்டிருப்பதால், அங்கே கிடைக்கும் எண் பெரும்பாலும் பொருளற்றது. அளக்க வேண்டியது சார்ஜரைத்தான்.

மின்னேற்றத்தின் முதல் அரை மணி நேரம் சார்ஜரின் பிளாஸ்டிக் கூடு நன்றாகவே சூடாகிறது. 5 வோல்ட்டுக்கும் பேட்டரியின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை 0.4 ஆம்பியரால் பெருக்கினால் அரை வாட்டுக்கும் முக்கால் வாட்டுக்கும் இடையில் வரும். அவ்வளவு சிறிய கூட்டுக்குள் அது கையில் உறைக்கும் சூடுதான், ஆனால் அஞ்சத்தக்கதல்ல. பேட்டரி சூடாவது அப்படியல்ல. பேட்டரியின் உடல் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால், அல்லது இனிப்பு கலந்த கரைப்பான் வாடை வந்தால், யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு அதைத் தீப்பற்றும் பொருள் எதுவும் இல்லாத இடத்துக்கு அப்புறப்படுத்த வேண்டும். அந்தப் பேட்டரியை மறுபடி மின்னேற்றிப் பார்க்கவே கூடாது.

சிறிய பென் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எண்ணெய் கேட்ரிட்ஜுக்கான மெல்லிய பென்களில் பேட்டரி 350 மில்லி ஆம்பியர் மணி அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். அதற்கு 420 மில்லி ஆம்பியர் சார்ஜர் அதிகம். ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டிய அளவைவிட விரைவாகத் திணிப்பதால் பேட்டரி சூடாகிறது, ஆயுளும் குறைகிறது. சார்ஜரின் மில்லி ஆம்பியர் எண், பேட்டரியின் மில்லி ஆம்பியர் மணி எண்ணைத் தாண்டக்கூடாது. பாதியாக இருந்தால் மிக நன்று. நான் வாங்கிய கேபிள் வடிவத்தில் இந்த எண் அச்சிடப்படவே இல்லை, மீட்டரில் பார்த்தே தெரிந்துகொண்டேன். விற்பவர்கள் ஒரே ஒரு வரி அச்சிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் குறை இது. சிறிய பென்னுக்கு வாங்குபவர்கள், 200 மில்லி ஆம்பியருக்குள் தரும் சார்ஜர் என்று எழுத்தில் குறிப்பிட்டிருப்பதையே தேட வேண்டும்.

எந்த அடாப்டரில் செருகுவது என்ற கேள்விக்கு நிலவும் பதில்களில் பாதி தவறானவை. போனின் வேகச் சார்ஜர் அதிக ஆம்பியர் தருவதால் பென்னைக் கருக்கிவிடும் என்பார்கள். அடாப்டரின் மேல் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைச் சார்ஜருக்குள் இருக்கும் சிப்தான் முடிவு செய்கிறது. உயர்ந்த மின்னழுத்தத்தையும் கருவி கேட்டாலொழிய வேக அடாப்டர்கள் தருவதில்லை. ஆயினும் நான் கணினியின் யூஎஸ்பி வாயையோ சிறிய பழைய அடாப்டரையோதான் பயன்படுத்துவேன். யூஎஸ்பி 2.0 வாய்க்கு வகுத்துள்ள அளவு 500 மில்லி ஆம்பியர், இந்தச் சார்ஜருக்கு அது போதும். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனாலும் பின்னாலிருந்து பாயக்கூடிய மின்சாரம் 3 ஆம்பியர் அடாப்டரில் இருப்பதைவிடக் குறைவு.

விளக்கைப் பற்றி ஒரு குறை உண்டு. பேட்டரி முழுதாக நிறைந்தாலும் பச்சைதான், ஊசி தொடாமல் பேட்டரியே இணையாமல் இருந்தாலும் பச்சைதான். திருகியவுடன் சிவப்பு வராவிட்டால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. பெரும்பாலும் வாயில் கசிந்து உறைந்த திரவம் ஊசியை மூடியிருக்கும். ஐசோபிரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலரவிட்டுத் திருகினால் சிவப்பு வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்று பலங்கொண்ட மட்டும் இறுக்குவது கூடாது. இறுக்க இறுக்க நடு ஊசி உள்ளே அமுங்கி, மின்காப்பு வளையம் நசுங்கி, நேர்முனை உடலைத் தொடும் நிலை வந்துவிடும். விரல் நுனியால் திருகி, தடை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வடிவத்தின் அடிப்படையிலும் கேபிள் வகையே மேல். குட்டை வகையில் பென் முழுவதும் யூஎஸ்பி வாயிலிருந்து குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கிறது. கை பட்டால் வாயும் வளைகிறது, மரையும் ஆட்டம் காண்கிறது. கேபிள் வகையில் பென்னை ஒரு பீங்கான் தட்டின் மேல் கிடத்தி, கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போதோ வெளியே போகும்போதோ மின்னேற விட்டுவிடக்கூடாது என்பதை இந்தச் சார்ஜருக்கு மட்டுமல்ல, பென்னோடு வந்த அசல் சார்ஜருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பயணத்தில் விமானத்துக்குள் மின்னேற்றுவதைச் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015 முதலே தடைசெய்திருக்கிறது. பென்னைச் சரக்கில் ஏற்றும் பெட்டியில் வைக்கவும் கூடாது.

நெடுநாள் தீர்ந்தே கிடந்த பேட்டரியை இந்தச் சார்ஜரால் மீட்க முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லித்தியம் அயான் பேட்டரி 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கிக் கிடந்தால், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்து, பிறகு மின்னேற்றும்போது வேண்டாத இடங்களில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட்டை உண்டாக்கக்கூடும். இந்தச் சிப் அத்தகைய பேட்டரிக்கும் மெல்ல மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், மறுக்காது. மறுக்க வேண்டியவர் நாம்தான். மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்து, பொத்தானுக்கு எந்த அசைவும் காட்டாத பேட்டரியாக இருந்தால், சார்ஜருக்குச் செலவழிக்காமல் பேட்டரியை மாற்றிவிடுவதே சரி. பழையதைக் குப்பையோடு போடாமல், நேர்முனையின் மேல் மின்காப்பு டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.